வருமுன் காத்தல்

காவல் என்பது இருவகைப்படும். தீங்கு வந்தபின் அதனை எதிர்த்து விலக்குவது ஒருவகை. தீங்கு வரினும் தளராதவாறு முன்னரே அமைத்துக்கொள்வது மற்றொரு வகை. ஏரிக்கரை உடைந்தபின் மண்மூட்டை சுமந்து ஓடுவாரை ஊரார் போற்றுவர், போற்றுதலும் தக்கதே. ஆனால், கரையைக் கட்டும்பொழுதே மிகுநீர் வழிந்தோடக் கலிங்கு அமைத்தவனை நினைப்பவர் மிகச் சிலரே. ஊரை நெடுங்காலம் காத்து நிற்பதோ அக்கலிங்கே ஆகும்.

இக்காலத்தில் உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் ஒரு பெரும் வலையாகப் பிணைக்கப்பட்டுள்ளன. வாணிகமும் மருத்துவமும் அரசியலும் அவ்வலையையே பற்றி நிற்கின்றன. அவ்வலைக்குக் கலிங்கு போன்ற காவலை அமைத்த அறிஞர்களுள் ஒருவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்க அம்மையார். அவர் 1971-ஆம் ஆண்டில் தொடங்கிய கணிப்பொறிப் பணி ஐம்பது ஆண்டுகளைக் கடந்து நீண்டது. வலையமைப்பு, பாதுகாப்பு என்னும் இரு துறைகளிலும் அவர் கண்ட முடிபுகள் இன்றும் பயன்பட்டு வருகின்றன.

பெர்ல்மன் 1951-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்து, நியூஜெர்சி மாநிலத்தில் வளர்ந்தார். தாய் தந்தையர் இருவரும் அரசாங்கப் பணி புரிந்த பொறியியல் வல்லுநர்கள். தந்தையார் ரேடார்த் துறையில் உழைத்தவர். தாயார் கணிதம் கற்றுக் கணிப்பொறிக்கு நிரல் எழுதியவர். தாயார் மகளுக்குக் கணக்குப் பாடத்தில் துணை செய்ததுண்டு. ஆயினும் அவ்விருவரும் அளவளாவியது பெரும்பாலும் இலக்கியத்தையும் இசையையும் பற்றியே. பெர்ல்மன் பியானோவையும் பிரெஞ்சுக் கொம்பு என்னும் இசைக்கருவியையும் விரும்பிப் பயின்றார்.

இத்தகையவர் இளமையிலேயே வானொலிப் பெட்டியைப் பிரித்தும் பூட்டியும் விளையாடியிருப்பார் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பொறிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் அவருக்கு இருந்ததில்லை. முதன்முதல் நிரல் எழுதும் வகுப்பிற்குச் சென்றபொழுது, உடன் பயின்றோர் வழங்கிய கலைச்சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. தமக்கு இத்துறை கைவராது என்றே அவர் கருதினார். ஒரு துறையில் முன்னரே பழகியவர்தாம் அதில் சிறப்பர் என்னும் எண்ணம் பொய் என்பதற்கு அவர்தம் பிற்கால வாழ்வே சான்று.

பின்னர் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதம் கற்கச் சேர்ந்தார். ஏறத்தாழ ஆயிரவர் கொண்ட அந்த ஆண்டு மாணவர் தொகுதியில் பெண்கள் ஐம்பதின்மர் அளவினரே. அங்கே 1971-ஆம் ஆண்டில், சீமோர் பாப்பர்ட் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பகுதிநேர நிரலாளராக அமர்ந்தார். ஆமையைப் போல் தரையில் ஊர்ந்து செல்லும் சிறு பொறியொன்றைக் குழந்தைகளே இயக்குதற்கு ஏற்ற முறையை அவர் வகுத்தார். டார்ட்டிஸ் என்பது அம்முறையின் பெயர். எழுத்தறியாத மூன்றரை வயதுக் குழந்தையும் பொத்தான்களை அழுத்தி அப்பொறியை முன்னும் பின்னும் செலுத்த முடிந்தது. எத்துணை அரிய பொருளாயினும், பயன்படுத்துவோர் வருந்தாவண்ணம் எளிதாக்கலாம் என்னும் தெளிவு அப்பணியில் வெளிப்பட்டது. அத்தெளிவே பின்னர் அவர் செய்த அனைத்திற்கும் அடிப்படை எனலாம்.

அந்நாளில் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு வளர்ந்து வந்தது. இன்றைய இணையத்திற்கு முன்னோடியாகிய அது 1969-ஆம் ஆண்டில் நான்கு கணிப்பொறி நிலையங்களோடு தொடங்கியது. ஒரு கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படும். அப்பொதிகள் சந்திப்பு நிலையங்கள் பலவற்றைக் கடந்து உரிய இடத்தைச் சேரும். ஒவ்வொரு சந்திப்பும், 'என்னோடு இணைந்த வழிகள் இவை. அவற்றின் நிலை இது' என்று மற்றவற்றிற்கு அவ்வப்பொழுது அறிவித்துக்கொண்டே இருக்கும். அறிவிப்புகளுள் எது புதியது, எது பழையது என்பதை அறிய ஒவ்வொன்றிற்கும் வரிசையெண் ஒன்று இடப்படும்.

அவ்வெண் சுழியத்தில் தொடங்கி 63 வரை சென்று மீண்டும் சுழியத்திற்குத் திரும்புவது. கடிகாரத்தில் பன்னிரண்டிற்குப்பின் ஒன்று வருவது போன்றது அது. ஆதலின், வட்டத்தில் எவ்வெண் அண்மையில் முன்னே நிற்கிறதோ அதனையே புதியது என்று பொறிகள் கொண்டன. இவ்வமைப்பில் ஒளிந்திருந்த குறை ஒருநாள் வெளிப்பட்டது. 1980-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 27-ஆம் நாள், ஒரு சந்திப்புப் பொறியின் பழுதால், 44 என்னும் வரிசையெண் கொண்ட அறிவிப்பு, 40 என்றும் 8 என்றும் திரிந்த படிகளாகப் பரவியது. வட்டக் கணக்கின்படி 40-ஐவிட 44 புதியது. 44-ஐவிட 8 புதியது. 8-ஐவிட 40 புதியது. மூன்றும் ஒன்றையொன்று துரத்தி முடிவின்றிச் சுழன்றன. ஒவ்வொரு சந்திப்பும் ஒவ்வொரு முறையும் புதுச்செய்தி வந்ததெனக் கொண்டு அதனை நாற்புறமும் பரப்பியது. வேறு எப்பணிக்கும் பொறிகளுக்கு ஒழிவில்லை. வலையமைப்பு முழுவதும் பல மணி நேரம் செயலற்றுக் கிடந்தது.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. பகைவன் எவனும் படையெடுத்து வரவில்லை. கள்வன் எவனும் உட்புகவில்லை. நினைவகத்திலிருந்து ஓரிரு சிறு குறிகள் உதிர்ந்தன, அவ்வளவே. பழுது சிறிது, விளைந்த கேடோ பெரிது. அதனினும் வருந்தத்தக்கது, அத்தவறான செய்திகள் தாமாக மறைந்தொழியும் வழி அவ்வமைப்பில் இல்லாமை. அச்சந்திப்பின் அறிவிப்புகளைப் புறக்கணிக்குமாறு பொறியாளர்கள் நிரலைத் திருத்திய பின்னரே வலையமைப்பு உயிர்த்தெழுந்தது.

பெர்ல்மன் இத்தகைய சிக்கலை ஆழ்ந்து ஆராய்ந்து 1983-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசையெண் வட்டமாகத் திரும்பாமல் நேர்கோடாக வளர்தல் வேண்டும். அது தீர்ந்துபோகாதவாறு மிகப் பெரியதாகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அறிவிப்பிற்கும் வாழ்நாள் ஒன்று குறித்து, அது கழிந்ததும் அறிவிப்பு அழிந்தொழிதல் வேண்டும் என்பன அவர் காட்டிய வழிகள். பழுதுபட்ட பொறியை நீக்கிவிட்டால், மனிதர் கைப்படாமலே வலையமைப்பு தன்னைத் தானே சீர்செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர்தம் கோட்பாடு. நோயின் காரணம் நீங்கியதும் உடல் தானே தேறுதல் போன்றது இது.

இதற்கு முன்னரே, 1980-ஆம் ஆண்டில், அவர் டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்னும் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அங்குச் சேருமுன் நிகழ்ந்ததொன்று குறிப்பிடத்தக்கது. பொறியாளர் கூட்டமொன்றில், வலையமைப்பில் வழிகாணும் சிக்கலொன்றையும் அதற்குரிய தீர்வையும் அவர் விளக்கினார். அவர் பேசி அமர்ந்ததும், கூட்டத்தை நடத்தியவர் எழுந்து, அச்சிக்கலுக்கு எவரேனும் தீர்வு காண வேண்டுமெனக் கேட்டுக்கொண்டாராம். பெண்ணொருத்தி கூறிய விடை அவர் செவியில் ஏறவில்லை போலும்! பெர்ல்மன் வருந்தினார், ஆயினும் தளர்ந்து ஒதுங்கவில்லை. அப்பேச்சின் பொருளை உணர்ந்த சிலர் அவரைத் தம் நிறுவனத்திற்கு அழைத்துக்கொண்டனர். சொல்லின் தகுதி சொல்பவரின் தோற்றத்தில் இல்லை என்பதை அறிந்த நிறுவனமே பெரும்பயன் பெற்றது.

அந்நிறுவனத்தில் அவர் செய்த அருஞ்செயல்களுள் தலையாயது மரவழிமுறை ஆகும். ஈதர்நெட் என்பது ஓரிடத்திலுள்ள கணிப்பொறிகளை ஒரு கம்பிவடத்தால் இணைக்கும் முறை. இத்தகைய வடங்கள் பலவற்றை இணைக்கப் பாலம் என்னும் பொறி வேண்டியிருந்தது. ஒரு பாலம் பழுதானால் மற்றொன்று உதவ வேண்டுமென்று கூடுதலான பாலங்களை வைப்பின், வழிகள் வளையங்களாகிவிடும். வளையத்தில் அகப்பட்ட பொதி முடிவின்றிச் சுற்றும்; சுற்றுந்தோறும் பெருகும்; இறுதியில் வலையமைப்பே திணறி நிற்கும். கூடுதல் பாலம் இல்லையெனில் துணையில்லை. உண்டெனில் வளையம் தோன்றும். இவ்விரண்டிற்கும் இடையே வழி காணுமாறு நிறுவனத்தின் மேலாளர் ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம் கூறி, தாம் ஒரு வார விடுமுறையில் சென்றார்.

அன்றிரவே பெர்ல்மனுக்கு விடை புலப்பட்டது. பாலங்களுள் மிகச் சிறிய அடையாள எண்ணைக் கொண்டதனை வேராகக் கொள்க. மற்றவை ஒவ்வொன்றும் வேரினை அடையும் மிகக் குறுகிய வழியைத் தேர்க. எஞ்சிய வழிகள் உறங்கிக் கிடக்க. அப்பொழுது வலை முழுவதும் ஒரு மரமாகும். மரத்தின் கிளைகள் பிரியுமேயன்றி மீண்டும் ஒன்றோடொன்று கூடி வளையமாவதில்லை. ஒரு கிளை முறிந்தால், உறங்கிக் கிடந்த வழி விழித்து அவ்விடத்தை நிரப்பும். இவை அனைத்தையும் பொறிகள் தமக்குள் செய்தி பரிமாறித் தாமே செய்துகொள்ளும்.

திங்கள், செவ்வாய் ஆகிய இருநாட்களில் அவர் அதனை முறைப்படி எழுதி முடித்தார். மேலாளர் திரும்பி வருதற்கு மேலும் சில நாட்கள் இருந்தன. அந்நாட்களில் அவர், ஜாய்ஸ் கில்மர் என்னும் அமெரிக்கக் கவிஞர் மரத்தைப் பற்றி இயற்றிய பாட்டின் நடையைத் தழுவி, தம் வழிமுறையை விளக்கும் சிறு பாடல் ஒன்றைப் புனைந்தார். 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் ஆய்வுக்கட்டுரை அப்பாடலைத் தாங்கியே வந்தது. பின்னாளில் அவர்தம் மகன் அதற்கு இசையும் அமைத்தார். தாயும் மகளும் இலக்கியமும் இசையும் பேசி வளர்ந்த அவ்வில்லத்தின் பயன் பொறியியல் கட்டுரையிலும் மலர்ந்தது வியத்தற்குரியது. மரவழிமுறை 1990-ஆம் ஆண்டில் பொதுத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, உலகெங்கும் பரவியது.

பழுதுபட்ட பொறியைத் தாங்கும் வழி இதுவாயிற்று. ஆனால், பொறி பழுதுபடாமல், வேண்டுமென்றே பொய் கூறின் என் செய்வது? இவ்வினாவே அம்மையாரின் முனைவர் பட்ட ஆய்விற்குப் பொருளாயிற்று. 1982-ஆம் ஆண்டில் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் என்னும் மூவர், பைசாந்தியத் தளபதிகளின் சிக்கல் என்பதனை உலகிற்கு விளக்கியிருந்தனர். ஒரு கோட்டையை முற்றுகையிட்ட தளபதிகள் பலர் தூதர் வழியே கலந்து, ஒருமித்து முடிவு செய்தல் வேண்டும். அவருள் சிலர் வஞ்சகர். ஒருவரிடம் ஒன்றும், மற்றவரிடம் வேறொன்றும் கூறுவர். நல்லவர்கள் எங்ஙனம் ஒன்றுபடுவது? வாயை மூடிக் கிடக்கும் வீரனைக் காட்டிலும் பொய் பேசும் வீரனால் வரும் கேடு மிகுதி. வலையமைப்பிலும் செயலற்ற சந்திப்பைக் காட்டிலும், செயல்பட்டுக்கொண்டே பொய்யுரைக்கும் சந்திப்பே அஞ்சத்தக்கது.

பெர்ல்மன் 1988-ஆம் ஆண்டில் அளித்த ஆய்வேடு இதற்கு விடை கூறியது. ஒவ்வொரு சந்திப்பும் தன் செய்தியில் பிறர் போலிசெய்ய இயலாத மறைமொழிக் கையொப்பம் இடுதல் வேண்டும். அதனால், ஒருவர் பெயரால் மற்றொருவர் பேச இயலாது. ஒவ்வொரு சந்திப்பின் செய்திக்கும் மற்றச் சந்திப்புகள் தனியிடம் ஒதுக்கிவைத்தல் வேண்டும். அதனால், ஒருவன் இரைச்சலிட்டு அனைவரின் இடத்தையும் கவர்ந்துகொள்ள இயலாது. செய்திகளை முறைவைத்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புதல் வேண்டும். அதனால், எளியவர் செய்தியும் காத்திருந்து வாடாது. அறங்கூறும் அவையில் கையொப்பமும் இருக்கையும் முறையும் வேண்டப்படுவது போலவே, பொறிகளின் அவையிலும் அவை வேண்டப்பட்டன. வஞ்சகரை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பது இவ்வமைப்பின் நோக்கமன்று. அவர் இருக்கும்பொழுதும் நல்லவர் பணி நடைபெறுதலே அதன் நோக்கம்.

அவ்வாண்டே நவம்பர் திங்கள் 2-ஆம் நாள், மாணவர் ஒருவர் எழுதிவிட்ட, தானே பெருகும் நிரல் ஒன்று இணையத்தில் பரவிற்று. அன்றிருந்த ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகளுள் 6,000 அளவில் அதனால் தாக்குண்டன என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். தம்முள் அறிந்தவர் சிலரே பயன்படுத்திய வலை, அறியாதவர் பலர் நடமாடும் பெருவீதியாகிவிட்டது என்பதை அன்று உலகம் உணர்ந்தது. நம்பிக்கை ஒன்றையே காவலாகக் கொண்டிருத்தல் இனிப் போதாது என்பதும் தெளிவாயிற்று.

அறிந்ததைப் பிறர்க்கு விளங்க உரைத்தலும் அறிஞர் கடனாகும். அக்கடனையும் அம்மையார் நன்கு ஆற்றினார். வலையமைப்பு இயங்கும் முறையை விளக்கி 1992-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். சார்லி காஃப்மன், மைக் ஸ்பெசினர் என்போருடன் கூடி, வலையமைப்புப் பாதுகாப்பைப் பற்றி மற்றொரு நூலை 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நூலின் மூன்றாம் பதிப்பு 2022-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் நோவெல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ், இன்டெல் முதலிய நிறுவனங்களில் பணிபுரிந்தார்.

காத்தலைப் போலவே அழித்தலும் காவலின் ஒரு பகுதி என்பதை அவர் 2005-ஆம் ஆண்டில் விளக்கினார். கணிப்பொறியில் எழுதியவற்றிற்குப் படிகள் பல எடுத்து வைப்பது வழக்கம். பின்னொரு நாள் அவற்றை அழிக்க விழையின், எங்கெங்கே படிகள் உள்ளன என்று தேடி முடிவதில்லை. ஆதலின், எழுதியதை முதலிலேயே மறைமொழியாக்கி, அதனைத் திறக்கும் திறவுகோலை மட்டும் தனியிடத்தில் காத்து, குறித்த நாளில் அத்திறவுகோலை அழித்துவிடலாம் என்றார் அவர். அதன்பின் ஆயிரம் படிகள் எஞ்சினும், அவற்றைப் படிப்பார் எவருமிலர்.

தாம் செய்த பொருளில் தாமே குறை காணுதல் அரிய பண்பு. 2002-ஆம் ஆண்டு நவம்பரில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வலையமைப்பு சில நாட்கள் நிலைகுலைந்தது. மரவழிமுறைக்கு உரிய எல்லையைக் கடந்து வலையை நீட்டியதே அதற்குக் காரணம். மருத்துவர்களும் செவிலியர்களும் தாளும் எழுதுகோலும் கொண்டு பணியாற்றினர். மரவழிமுறையின் எல்லைகளை அம்மையார் நன்கு அறிந்திருந்தார். மரத்தில் ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்ல எப்பொழுதும் குறுக்குவழி கிடைப்பதில்லை. கிளை வழியே சுற்றிச் செல்ல நேரும். ஆதலின், 2004-ஆம் ஆண்டில் அதனினும் சிறந்ததொரு முறையை அவர் முன்மொழிந்தார். டிரில் என வழங்கும் அம்முறை 2011-ஆம் ஆண்டில் இணைய நெறிமுறைகளுள் ஒன்றாக வெளியிடப்பட்டது. தம் புகழுக்குக் காரணமான மரத்தையே விட்டு, புதுவழி காணத் துணிந்த அவர்தம் நடுநிலை போற்றத்தக்கது.

நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. 2014-ஆம் ஆண்டில் இணையப் புகழ்மன்றத்திலும், 2016-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புத்தாக்குநர் புகழ்மன்றத்திலும் அவர் இடம்பெற்றார். 'இணையத்தின் அன்னை' என்று சிலர் அவரை அழைப்பதுண்டு. அப்பெயரை அவர் விரும்புவதில்லை. இணையம் ஒருவரால் ஆக்கப்பட்டதன்று. பலர் கூடி எழுப்பிய மாளிகை என்பதே அவர்தம் கருத்து. மரவழிமுறை செவ்வனே நடக்கும் இடங்களில் அது நடப்பதாகவே எவருக்கும் தெரிவதில்லை. நல்ல காவலின் இயல்பும் அதுவே. நல்ல காவலரின் இயல்பும் அதுவே.

கணிப்பொறித் துறையில் புகுவோர்க்கு மட்டுமன்றி, எதனையும் ஆக்க முற்படுவார் அனைவர்க்கும் பெர்ல்மன் அம்மையாரின் வாழ்வு மூன்று வினாக்களைக் கற்பிக்கின்றது. இதன் ஓர் உறுப்பு பழுதுபட்டால் மற்றவை நிற்குமா? ஓர் உறுப்பு பொய் கூறினால் மற்றவை ஏமாறாதிருக்குமா? தீங்கு நீங்கியபின் இது தானே தேறி எழுமா? வீடு கட்டுவோரும், சங்கம் அமைப்போரும், சட்டம் வகுப்போரும் தத்தம் பணியைத் தொடங்குமுன் இவ்வினாக்களை எழுப்பி விடை காண்பாராயின், பின்னர் மண்மூட்டை சுமந்து ஓடவேண்டிய நாட்கள் பெரிதும் குறையும்.